ஃபயர்பாக்ஸில் தமிழுக்காக நான் சேர்த்த ஒரு வரி: மொசில்லாவுக்கு அனுப்புவது எப்படி?

கேள்வி: கானாடுகாத்தான் பேத்தி

எங்கள் ஐயா காலையில் வீட்டு முகப்பில் உட்கார்ந்து ஃபயர்பாக்ஸ் ரீடர் வியூவில் (கட்டுரையை மட்டும் காட்டும் வாசிப்புத் திரை) தமிழ்க் கட்டுரை படிப்பார். தலைப்புக்குக் கீழே, படிக்க ஆகும் நேரம் "4-5 நிமிடங்கள்" என்று வரும். அவருக்கு ஒன்பது நிமிடம் ஆகும். "முன்னமாதிரி படிக்க முடியலையே ஆத்தா" என்று ஒருநாள் சொன்னார். எனக்கு மனசே கேட்கவில்லை.

ஃபயர்பாக்ஸின் மூலநிரலைத் தேடிப் பார்த்தேன். நிமிடத்துக்கு எத்தனை எழுத்து படிப்பார்கள் என்று மொழிவாரியாக ஒரு பட்டியல் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு 987, அரபிக்கு 612. நான் பார்த்த பதிப்பில் தமிழ் இல்லை. பட்டியலில் இல்லாத மொழிக்கெல்லாம் ஆங்கிலக் கணக்குதான். எங்கள் ஐயாவை ஆங்கில வேகத்தில் அளந்திருக்கிறார்கள்!

தமிழுக்கு 500 என்று ஒரு வரி சேர்த்து, நானே பில்ட் செய்து (மூலநிரலிலிருந்து ஃபயர்பாக்ஸை உருவாக்கி) கொடுத்தேன். ஆனால் நான்கு வாரத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வருகிறது. ஒவ்வொரு தடவையும் மறுபடி பில்ட் செய்கிறேன். 8 ஜிபி ராமில் அது ராத்திரி முழுக்க ஓடுகிறது. நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்க்கக் கோரிக்கை) போட்டால், ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாக்காரர்கள் எடுத்துக்கொள்வார்களா?

பதில்: தேவகோட்டை

தங்கச்சி, முதலில் பில்ட் விஷயம். நீ தொட்டது ஜாவாஸ்கிரிப்ட் மட்டும்தானே? பில்டுக்கான அமைப்புக் கோப்பான மாஸ்கான்ஃபிக்கில் ஆர்ட்டிஃபேக்ட் பில்டை இயக்கிவிடு. சி++ பகுதியை அவர்கள் தயாராக வைத்திருப்பதிலிருந்து இறக்கிக்கொள்ளும், நிமிடங்களில் முடிந்துவிடும்.

2025 மே மாதம் மூலநிரலை கிட்ஹப்புக்குக் கொண்டுவந்தபோதும் புல் ரிக்வெஸ்ட் வழியைத் திறக்கவில்லை. மொசில்லாவின் குறைப் பதிவுத் தளமான பக்ஸில்லாவில் பக் (குறை) பதிவு செய், அந்த எண்ணைக் கமிட் செய்தியின் (மாற்றத்தோடு எழுதும் குறிப்பு) தொடக்கத்தில் எழுது, மாஸ்-ஃபேப் என்ற கருவி மூலம் ரிவ்யூ நடக்கும் தளமான ஃபேப்ரிகேட்டருக்கு அனுப்பு. ரிவ்யூ செய்பவர் சரி என்றால், மாற்றத்தை மூலநிரலில் சேர்க்கும் லேண்டோ வழியாக உள்ளே போகும்.

ஆனால் அந்த 500 எங்கிருந்து வந்தது? முதல் கேள்வியே அதுதான் வரும். பட்டியலில் உள்ள எண்கள் பல மொழிக்காரர்களைப் படிக்கவைத்து அளந்த ஆய்விலிருந்து வந்தவை. ஒரு வீட்டு ஐயாவை வைத்து எல்லாத் தமிழருக்கும் எண் போட முடியாதம்மா.

பதில்: பள்ளத்தூர் மாப்பிள்ளை

எண்ணுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கட்டுரையின் நீளத்தை யூனிகோட் அலகாக எண்ணுகிறார்கள். "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து, அங்கே ஐந்து. "ஸ்ரீ" ஒன்றே நான்காகிவிடும். அதனால் நீ எதை அளக்கிறாய் என்பதை பக்கிலேயே தெளிவாக எழுது. ஜாவாஸ்கிரிப்டில் உரையைப் பிரித்துத் தரும் இன்ட்ல்.செக்மென்டரை (Intl.Segmenter) வைத்து எழுத்தாக எண்ணலாம். ஃபயர்பாக்ஸில் 125ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஆனால் அதைத் தனி பேட்ச்சாக (அனுப்பும் மாற்றத் தொகுப்பு) வை. நான் முதல்முறை மூன்று மாற்றங்களை ஒரே பேட்ச்சில் கட்டி அனுப்பிவிட்டு, பிரித்து அனுப்பவே இரண்டு மாதம் போராடினேன்.

கேள்வி கேட்டவர்

அண்ணே இருவருக்கும் நன்றி. பக் பதிவு செய்துவிட்டேன். 500ஐ எழுதவில்லை, பட்டியலில் தமிழ் இல்லை, காட்டும் நேரம் குறைவாக வருகிறது என்று மட்டும் எழுதி, ஸ்கிரீன்ஷாட் இணைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ஒரே கட்டுரையைக் கொடுத்து, சின்னப் பிள்ளைகள் முதல் ஆயா வரை ஒவ்வொருவரையும் ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்கப் போகிறேன். எத்தனை பேரை அளந்தால் ஏற்றுக்கொள்வார்கள் என்று பக்கிலேயே கேட்டிருக்கிறேன்.