அட்ரிபியூட் கிளாஷ்: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் தேவை)

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

குழுவினருக்கு வணக்கம். 1980களின் பிரிட்டிஷ் வீட்டுக் கணினி விளையாட்டுகளையும் அவற்றை விமர்சித்த இதழ்களையும் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றைச் சிற்றிதழுக்காக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பக்கம் கட்டுகிறார்கள். மற்றதெல்லாம் ஒருவாறு முடிந்துவிட்டது. அட்ரிபியூட் கிளாஷ் மட்டும் அடங்க மறுக்கிறது, பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

அறியாதவர்களுக்காகச் சிறு விளக்கம். 1982 ஏப்ரலில் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியின் திரையில் 256×192 புள்ளிகள். ஆனால் நிறம் புள்ளிக்குப் புள்ளி கிடையாது. திரை 32×24 கட்டங்களாகப் பிரிந்திருக்கும். 8×8 புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்நிறம் ஒன்று, பின்நிறம் ஒன்று, அவ்வளவுதான். மஞ்சள் உடையணிந்தவன் பச்சை மரத்தைக் கடந்தால், அவன் நுழைந்த கட்டத்தில் மரமும் மஞ்சளாகிவிடும். அல்லது அவன் பச்சையாகிவிடுவான். அவன் நடக்க நடக்க நிறம் கட்டம் கட்டமாகத் தாவும். இதைத்தான் அட்ரிபியூட் கிளாஷ் என்கிறார்கள்.

நான் 'பண்புக்கூறு மோதல்' என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் ஓரத்தில் "குடும்ப நீதிமன்றச் செய்தியா?" என்று குறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

கூடவே, இதழில் அச்சான நிரலை வாசகர் தாமே தட்டச்சு செய்துகொள்வார்களே, அந்த டைப்-இன் லிஸ்டிங்குக்கும் ஒரு சொல் வேண்டும்.

விரிவுரையாளர், கோவை:

இரண்டாவது எளிது: 'தட்டச்சு நிரல்'. முதலாவதற்கு 'நிற மோதல்' போதும். ஆங்கிலத்திலேயே பலர் கலர் கிளாஷ் என்றுதான் சொல்கிறார்கள். அட்ரிபியூட் என்பது ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய நிறக் குறிப்பு, அந்தக் கணினியின் உள்வீட்டு விவகாரம். வாசகரை அங்கே இழுத்துப்போக வேண்டியதில்லை. வகுப்பில் நான் பத்து நிமிடத்தில் நடத்தி முடிக்கிற பாடம் இது.

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்:

கோவை நண்பர் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவதில் எனக்கு வியப்பில்லை. நிறம் என்ற சொல்லுக்குச் சங்கப் பாடல்களில் மார்பு என்ற பொருளும் உண்டு. வேல் பாய்ந்த நிறம் என்றால் வேல் பாய்ந்த மார்பு. நிறமோதல் என்றால் மல்லர் இருவர் மார்போடு மார்பு முட்டுவதுதான் என் கண்முன் வருகிறது.

உடனே யாராவது 'வண்ணம்' என்று கிளம்புவார்கள். அது வர்ணத்தின் வழி வந்தது என்பாரும் உண்டு, தமிழே என்பாரும் உண்டு. அந்த வழக்கு இருக்கட்டும். தொல்காப்பியர் செய்யுளியலில் வண்ணம் என்று இருபது வகை சொல்வது ஓசையை. ஆக வண்ணமோதல் என்றால் சந்தம் தட்டுவது.

நம்மிடம் பழைய சொல் ஒன்று ஆயத்தமாகவே இருக்கிறது: மயக்கம். மெய்ம்மயக்கம், உருபுமயக்கம், திணைமயக்கம். ஒன்றன் இடத்தில் மற்றொன்று வந்து கலந்து நிற்பது. 'திணைமயக் குறுதலும் கடிநிலை இலவே' என்று அனுமதித்துவிட்டு, நிலம் மட்டும் ஒருங்கு மயங்காது என்கிறார் தொல்காப்பியர். மதுரை நண்பர் விவரித்ததும் அதுவே அல்லவா? மரத்தின் வடிவம் கெடவில்லை, ஆளின் வடிவமும் கெடவில்லை. நிறம் மட்டுமே இடம் மாறுகிறது. நிலம் நிற்கிறது, திணை மயங்குகிறது. எனவே 'நிறமயக்கம்'.

நிரலாளர், சென்னை:

ஐயா, வடிவம் கெடவில்லை என்று நீங்கள் சொன்னது தொழில்நுட்பப்படி முழுக்கச் சரி. புள்ளிகளுக்குத் தனியே 6144 பைட்டு, நிறங்களுக்குத் தனியே 768 பைட்டு, ஆக மொத்தம் 6912. இரண்டும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. தொல்காப்பியர் ஸ்பெக்ட்ரம் வைத்திருந்தாரோ என்று ஐயமாக இருக்கிறது.

ஆனால் 'நிறமயக்கம்' என்று அச்சானால் படிப்பவர் நிறக்குருடு என்றுதான் நினைப்பார். அல்லது தலைசுற்றல். இலக்கணம் படித்தவர்களுக்கு மட்டும் விளங்கும் சொல்லை யாருக்காகப் படைக்கிறோம்?

'நிற மோதல்' என்பதிலும் எனக்குத் தடை உண்டு. விளையாட்டு நிரலாக்கத்தில் மோதல் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது: ஆள் சுவரில் முட்டினானா, பகைவன் மேல் பட்டானா என்று கண்டறிவது. ஸ்பெக்ட்ரத்தில் இந்தக் குழப்பம் இரட்டிப்பு. 1983 இல் வந்த மேனிக் மைனர் என்ற விளையாட்டில் ஒரு கட்டம் தரையா, சுவரா, தொட்டால் சாகடிக்கும் பொருளா என்பதை அதன் நிற பைட்டைப் பார்த்தே நிரல் முடிவு செய்கிறது. தட்டச்சு நிரல்களிலும் பேசிக் நிரல்மொழியின் அட்ரிபியூட் கட்டளையால் அடுத்த கட்டத்தின் நிறத்தைப் படித்து, சிவப்பாக இருந்தால் உயிர் போயிற்று என்று எழுதுவார்கள். அதாவது நிறத்தைக் கொண்டு மோதலைக் கண்டுபிடிக்கிறார்கள்! அதைத்தான் ஒருவர் 'நிற மோதல்' என்று இயல்பாகப் புரிந்துகொள்வார்.

என் முன்மொழிவு 'கட்டநிறச் சிக்கல்'. காரணமும் விளைவும் இரண்டும் அதில் இருக்கின்றன.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

'சிக்கல்' சோம்பேறிச் சொல், அம்மா. எதன் பின்னாலும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர்ச் சிக்கல், மருமகள் சிக்கல், கட்டநிறச் சிக்கல்.

குழு உறுப்பினர், லண்டன்:

பிள்ளைகளே, நீங்கள் படிப்பதை நான் கண்ணால் பார்த்தவன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் என் தமையனார் வீட்டில் 48கே ஸ்பெக்ட்ரம் ஒன்று இருந்தது. நினைவகத்தில் நேரடியாக எண்ணை மாற்றும் போக் கட்டளையை அதில் எழுத்து எழுத்தாகத் தட்டத் தேவையில்லை. ஓ விசையை ஒருமுறை அழுத்தினால் முழுக் கட்டளையும் திரையில் வந்து விழும். மேனிக் மைனரில் உயிர் குறையாமலிருக்க 'போக் 35136, 0'. தொலைபேசி எண்கள் மறந்துபோயின, இது மறக்கவில்லை.

க்ராஷ் இதழ் 1984 பெப்ரவரியில் தொடங்கியது. லட்லோ என்ற சிறு ஊரிலிருந்து நியூஸ்ஃபீல்ட் நிறுவனம் வெளியிட்டது. அட்டைப்படம் ஆலிவர் ஃப்ரே வரைவார். அதை முகப்பில் பார்த்த பிறகு உள்ளே அந்த விளையாட்டின் உண்மையான திரையைப் பார்த்தால் சிரிப்பு வரும். தொடக்க கால விமர்சகர்களில் பலர் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள். ஒரு விளையாட்டுக்கு மூன்று கருத்துகள், பெயர் இராது. வரைகலைக்கும் ஆடும் சுகத்துக்கும் அடிமைப்படுத்தும் தன்மைக்கும் தனித்தனியே விழுக்காடு போடுவார்கள். மொத்தம் தொண்ணூறோ அதற்கு மேலோ வந்தால் 'க்ராஷ் ஸ்மாஷ்'. நிறம் தாவுகிறதா என்பதை விடாமல் கவனிப்பார்கள்.

என்னிடம் கேட்டால் 'நிறப்பிணக்கு' என்பேன். இரண்டு நிறம் ஒரு கட்டத்தில் ஒத்துப்போகாமல் பிணங்குகின்றன.

ஆய்வு மாணவர், திருப்பூர்:

எங்கள் ஊரில் புதுச் சிவப்புத் துணியோடு வெள்ளைச் சட்டையைத் துவைத்தால் 'சாயம் ஒட்டிவிட்டது' என்பார்கள். 'சாயமொட்டு' என்று வைத்தால் என்ன? பாட்டிக்கும் புரியும்.

நிரலாளர், சென்னை:

தம்பி, ஒட்டிய சாயம் போகாது. இங்கே ஆள் நகர்ந்ததும் மரம் பச்சைக்குத் திரும்பிவிடும். தவிர, இரண்டும் கலந்து மூன்றாம் நிறம் வருவதும் இல்லை.

விரிவுரையாளர், கோவை:

காரணத்தை வைத்துத்தான் பெயரிட வேண்டும் என்றால், காரணம் கட்டம்கூட அல்ல, நினைவகம். எட்டு நிறங்களைப் புள்ளிக்குப் புள்ளி வைக்க மூன்று பிட் வேண்டும். 256×192 புள்ளிகளுக்கு 18,432 பைட்டு. 125 பவுண்டுக்கு விற்ற 16கே ஸ்பெக்ட்ரத்தின் மொத்த நினைவகமே 16,384 பைட்டு! திரையே உள்ளே அடங்காது. அக்காலத்து இன்னொரு வீட்டுக் கணினியான ஆம்ஸ்ட்ராட் சிபிசி திரைக்கென்றே 16கே ஒதுக்கியது, அதில் இந்தத் தொல்லை இல்லை. கமடோர் 64 என்ற கணினியிலும் கட்டநிறம் உண்டு; ஆனால் நகரும் உருவங்களுக்கு வன்பொருளிலேயே தனி ஏற்பாடு இருந்ததால் அவை பின்புலத்தைக் கெடுக்காமல் நகர்ந்தன. அதனால் 'நினைவகப் பஞ்ச நிறக்கோளாறு' என்று சூட்டலாமா? காரணத்தைப் பெயரில் திணித்தால் இப்படித்தான் முடியும். கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள், போதும்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

ஐயா, அம்மா, அண்ணன்மார்களே, இன்று புதன்கிழமை. நைட் லோர் என்ற விளையாட்டைப் பற்றிய பத்தி பாதியில் நிற்கிறது. 1984 இல் அல்டிமேட் நிறுவனம் வெளியிட்டது. சாய்கோணத்தில் முப்பரிமாண அறைகள். ஒவ்வோர் அறையையும் ஒற்றை நிறத்தில் தீட்டி அட்ரிபியூட் கிளாஷை அடியோடு தவிர்த்துவிட்டார்கள். அந்த வாக்கியத்தில் 'நிறப்பிணக்கைத் தவிர்த்தார்கள்' என்று எழுதிப் பார்த்தேன். ஊடல் தீர்த்ததுபோல் இருக்கிறது. 'கட்டநிறச் சிக்கலைத் தவிர்த்தார்கள்' சரியாக வருகிறது, ஆனால் ஒரு பத்தியில் மூன்று முறை வந்தால் மூச்சு வாங்குகிறது.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

இடையில் ஒன்று. ஸ்பெக்ட்ரத்தில் முன்நிறத்தை இங்க் என்றும் பின்நிறத்தை பேப்பர் என்றும் அழைத்தார்களாமே. மை, தாள். செம்மை, கருமை, வெண்மை, பசுமை எனத் தமிழில் நிறப் பண்புப் பெயர்கள் பலவும் மை விகுதியில் முடிகின்றன. செம்மை என்பதைச் சிவப்பு மை என்று பிரித்தால் ஸ்பெக்ட்ரம் கட்டளையே ஆகிறது. நன்னூலின் 'ஈறு போதல்' விதிப்படி மை கெட்டால் செந்தாமரை. அதாவது மை தீர்ந்தாலும் நிறம் நிற்கும். இது கலைச்சொல்லுக்கு உதவாது என்று தெரியும், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மட்டுறுத்துநர்:

உதவாது என்று தெரிந்தே எழுதியதற்கு நன்றி ஐயா. கருத்துக் கேட்டுவிடுவோம். நிற மோதல், நிறமயக்கம், கட்டநிறச் சிக்கல், நிறப்பிணக்கு. நாளை மாலைக்குள் ஒரு வரியில் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம்.

குழு உறுப்பினர், லண்டன்:

நிற மோதலுக்கே விட்டுக்கொடுக்கிறேன். பிணக்கு எங்கள் பக்கத்தில் கொஞ்சம் வீட்டுச் சண்டை மாதிரித்தான் கேட்கும், மதுரைத் தம்பி சொன்னது உண்மை.

ஆய்வு மாணவர், திருப்பூர்:

நிற மோதல். சாயமொட்டு தோற்றதில் வருத்தம்.

நிரலாளர், சென்னை:

கட்டநிறச் சிக்கல். தோற்றாலும் அதுதான்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

வேறு வழியில்லாமல் 'நிற மோதல்' என்றே அனுப்பிவிட்டேன். சென்னை அம்மையார் சுட்டிய குழப்பம் நியாயமானது என்பதால், முதன்முறை வரும் இடத்தில் "ஒரு கட்டத்துக்கு இரண்டே நிறம் என்ற கட்டுப்பாட்டால் நேரும் நிற மோதல்" என்று எழுதினேன். மேனிக் மைனர் பத்தியில் மோதலை எடுத்துவிட்டு, பகைவனை 'இடித்தால்' உயிர் போகும் என்று மாற்றிக்கொண்டேன். தட்டச்சு நிரலை எவரும் எதிர்க்கவில்லை என்பதால் அது அப்படியே போயிற்று. அனைவருக்கும் நன்றி.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். மோதினால் இரு தரப்பும் அடிபட வேண்டும். இங்கே பிந்தி வந்த நிறம் முந்தி இருந்ததைத் துரத்திவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. ஒன்றுக்குக் கீறல்கூட விழவில்லை. இதற்கு மோதல் என்று பெயரா? மயக்கம் என்பதை உரையாசிரியர்கள் எந்தெந்த இடத்தில் என்னென்ன பொருளில் ஆள்கிறார்கள் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். இளம்பூரணர் முடிந்தது. சேனாவரையர் அடுத்த வாரம் வரும்.