வீடு வாங்க, விற்க உள்ளூர் சொலிசிட்டர்: உங்களுக்கு எப்படி அமைந்தது?

முதல் பதிவு, குரொய்டனில் இருந்து

இந்த மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். "அண்ணா, வீட்டுக்கு ஆஃபர் ஓகே ஆகிவிட்டது, சொலிசிட்டர் யாரைப் பிடிக்கலாம்?" சொலிசிட்டர் என்றால் வீடு வாங்கும்போதும் விற்கும்போதும் பத்திர வேலையைப் பார்க்கிற வழக்கறிஞர். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன், உங்கள் அனுபவத்தையும் சேருங்கள். நான் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் முறை. ஸ்காட்லாந்தில் நடைமுறையே வேறு.

2019இல் இங்கே இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று வாங்கினேன். ஆஃபரை ஏற்றுக்கொண்ட அன்றே ஏஜென்ட் சொன்னார்: "எங்களோடு எப்போதும் வேலை செய்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது, அவர்களிடம் கொடுத்தால் சீக்கிரம் முடியும்." கட்டணமும் குறைவாகத்தான் தெரிந்தது. இப்படி ஆள் பிடித்து அனுப்புவதற்கு ஏஜென்டுக்கு ஒரு தொகை போவது வழக்கம், அதை அவர் நம்மிடம் மறைக்கக் கூடாது, அங்கேதான் போக வேண்டும் என்ற கட்டாயமும் நமக்கு இல்லை. இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அந்த அலுவலகம் இருந்ததோ வேறு ஊரில், 200 மைல் தள்ளி. ஐந்து மாதத்தில் என் ஃபைல் மூன்று பேர் கை மாறியது. போன் செய்தால் "போர்ட்டலில் எழுதிப் போடுங்கள்" என்பார்கள். எழுதிப் போட்டால் நான்கு நாள் கழித்து வேறொருவர், முதலில் இருந்து எல்லாவற்றையும் கேட்பார். கடைசி பில்லில் லீஸ்ஹோல்ட் (நிலம் வேறொருவருடையது, நமக்குக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் குத்தகை உரிமை) என்பதற்குத் தனிக் கட்டணம், அப்பா கொடுத்த டெபாசிட் பணத்தைச் சரிபார்க்கத் தனி, வங்கி வழியாகப் பணம் அனுப்பத் தனி, எல்லாவற்றுக்கும் மேல் 20 சதவீதம் வாட். முதலில் சொன்ன தொகை கிட்டத்தட்ட இரட்டிப்பாகியிருந்தது. பணம் போகட்டும் என்றுகூட விட்டுவிடலாம்.

விட முடியாதது லீஸ் விஷயம். நான் வாங்கும்போது லீஸில் 84 ஆண்டு பாக்கி இருந்தது. அவர்கள் அனுப்பிய 43 பக்க அறிக்கையில் 17ஆம் பக்கம், ஒரே ஒரு வரியில் அது இருக்கிறது. 80 ஆண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், லீஸை நீட்டிப்பதால் ஃபிளாட்டின் மதிப்பு எவ்வளவு உயர்கிறதோ அதில் பாதியையும் நிலத்துக்குச் சொந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அப்போதைய சட்டப்படி இரண்டு ஆண்டு சொந்தமாக வைத்திருந்த பிறகுதான் நீட்டிப்புக் கேட்க முடியும் (2025 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார்கள்). ஒரு போன் வந்திருந்தால் 2021இலேயே கேட்டிருப்பேன். 2024இல் விற்கப் போனபோது பாக்கி 79 ஆண்டு. வாங்க வந்தவர் லீஸைப் பார்த்ததும் விலகிக்கொண்டார். எக்ஸ்சேஞ்ச் (இரு பக்கமும் ஒப்பந்தத்தைப் பரிமாறிக்கொள்வது) ஆகும்வரை இரு பக்கமும் யார் வேண்டுமானாலும் விலகலாம், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அப்புறம்தான் பக்கத்து ஹை ஸ்ட்ரீட்டில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிற ஒரு சிறிய அலுவலகத்துக்குப் போனேன். அங்கே பார்த்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். லீஸை நீட்டித்து, ஃபிளாட்டை விற்று, இப்போது நாங்கள் இருக்கிற வீட்டை வாங்கிக் கொடுத்தது வரை எல்லாம் அவர்தான். மற்ற இடங்களைவிட 400 பவுண்ட் அதிகம் கேட்டார். கொடுத்தேன்.

ஒரு சம்பவத்தை மட்டும் சொல்கிறேன். சொலிசிட்டர்கள் பொதுவாக வீட்டை நேரில் வந்து பார்ப்பதில்லை, நம்மில் பலருக்கு இது தெரியாது. அவர்கள் கையில் இருப்பது காகிதம்தான், வீட்டைப் பார்த்தது நாம்தான். இந்த அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டைட்டில் பிளானை (நிலப் பதிவில் உள்ள எல்லை வரைபடத்தை) மேசையில் விரித்தார். எல்லையைக் காட்டும் சிவப்புக் கோட்டின் மேல் பென்சில் முனையை மெல்ல ஓட்டிக்கொண்டே போனார். பின்தோட்டத்துக்கு வந்ததும் நிறுத்தி, "நீங்கள் பார்த்த ஷெட் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றார். விரலை வைத்தேன். என் விரல் கோட்டுக்கு வெளியே இருந்தது.

ஷெட்டும் அது நிற்கிற மூன்று மீட்டர் நிலமும் விற்பவருடையதே இல்லை, பின்னால் போகிற சந்தோடு சேர்ந்தது. வேலியை எப்போதோ தள்ளிப் போட்டிருக்கிறார்கள். விலையைக் குறைத்துப் பேசி, தெரிந்தே வாங்கினோம். அந்தப் பென்சிலுக்கு 400 பவுண்ட் கொடுக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதனால் என்னிடம் யார் கேட்டாலும் கட்டணத்துக்கு முன்னால் இதைக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன்: என் ஃபைலை எடுத்துப் பார்க்கப் போவது யார், அவருடைய நேரடி எண் என்ன, அவர் லீவில் போனால் யார் பார்ப்பார்கள்? இதற்குப் பதில் சொல்லத் தடுமாறினால் அங்கே போக வேண்டாம்.

ஹாரோவில் இருந்து

அண்ணா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். நல்ல சொலிசிட்டர் என்றால் நம்மைச் சங்கடப்படுத்துகிற கேள்விகளையும் கேட்பார். நாங்கள் அதை முதலில் தப்பாக எடுத்துக்கொண்டோம்.

போன வருடம் கோடையில் 450,000 பவுண்டுக்கு வீடு பேசினோம். முதலில் போனது தெரிந்தவர் ஒருவர் மூலம், "எங்கட ஆள், தமிழிலேயே கதைக்கலாம்" என்று. தமிழில் கதைத்தது உண்மை. முதல் வீடு என்ற பெட்டியில் அவரே டிக் போட்டு, முத்திரை வரி 7,500 பவுண்ட் என்று எழுதித் தந்தார். ஒரு கேள்வியும் இல்லை. ஆனால் எங்கள் மோர்ட்கேஜ் வங்கி ஏற்றுக்கொள்கிற சொலிசிட்டர்களின் பட்டியலில் அவருடைய அலுவலகம் இல்லை என்று பிறகு தெரிந்தது, அதனால் மாற வேண்டி வந்தது.

இரண்டாவது சொலிசிட்டர் இங்கே வீல்ட்ஸ்டோன் பக்கம், வெள்ளைக்காரர். முதல் நாளே கேட்டார்: "உங்கள் இரண்டு பேரில் யாருக்காவது உலகத்தில் எங்கேயாவது வீடோ வீட்டில் பங்கோ இருக்கிறதா, இதற்கு முன் இருந்திருக்கிறதா?" என் கணவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். எனக்குத்தான் யாழ்ப்பாணத்து வீடு ஞாபகம் வந்தது. மாமா காலமான பிறகு அந்த வீடு நான்கு பிள்ளைகளுக்கும் போனது, உறுதிப் பத்திரத்தில் இவருடைய பெயரும் இருக்கிறது.

அவர் பொறுமையாக விளக்கினார். பரம்பரையாக வந்த பங்கு, வெளிநாட்டில் இருக்கிற வீடு என்றாலும் முதல் வீட்டுச் சலுகை போய்விடும். ஒருவருக்கு இல்லையென்றால் சேர்ந்து வாங்குகிற இருவருக்கும் இல்லை. அந்தப் பங்கின் பெறுமதி 40,000 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால் பெரும்பாலும் இரண்டாவது வீடு என்று கணக்காகி, மொத்த விலைக்கும் இன்னும் 5 சதவீதம் சேரும். எங்களுடைய பங்கு அதைவிடக் குறைவு. அதனால் வரி 12,500 பவுண்டோடு நின்றது. இல்லாவிட்டால் 35,000! அன்றைக்கு 5,000 கூடப் போகிறதே என்று எனக்கு அழுகையே வந்தது. ஆனால் அந்த வரிப் படிவத்தில் தவறு இருந்தால் பொறுப்பு சொலிசிட்டருக்கு இல்லை, வாங்குகிற எங்களுக்குத்தான். பிறகு கண்டுபிடித்தால் வரியோடு வட்டியும் அபராதமும் கட்ட வேண்டும்.

டெபாசிட் பணத்துக்கும் அதே மாதிரிதான். எந்தக் கணக்கில் இருந்து வந்தது, அதற்கு முன் எங்கே இருந்தது என்று ஒவ்வொரு தொகையையும் கேட்டார். கறுப்புப் பணத்தைத் தடுக்கிற சட்டப்படி அவர் கேட்டே ஆக வேண்டும். சீட்டுப் பணம் 9,000 கையில் காசாக வாங்கியிருந்தோம், அதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அதை டெபாசிட்டில் சேர்க்க முடியவில்லை, தங்கை வங்கி மூலம் அன்பளிப்பாகத் தந்து உதவினாள், அவளுடைய வங்கிக் கணக்கு விவரமும் கடிதமும் கொடுத்தோம். சீட்டு எடுத்து வீடு வாங்க நினைக்கிறவர்கள் தயவுசெய்து முன்கூட்டியே வங்கி வழியாக வாங்குங்கள்.

தமிழ் ஆள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் அம்மா மாதிரி ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய உதவி. கேள்வி கேட்கிற தமிழ் ஆளாகப் பாருங்கள்.

ஸ்லௌவில் இருந்து

என்னுடையது சின்னக் கதை. எக்ஸ்சேஞ்சுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மெயில் வந்தது. சொலிசிட்டரின் பெயர், லோகோ, எங்கள் வீட்டின் முகவரி எல்லாம் சரியாக இருந்தது. "ஆடிட் நடப்பதால் கணக்கு எண் மாறியுள்ளது, 38,000 டெபாசிட்டை இதில் போடவும்." நானும் வங்கி ஆப்பைத் திறந்துவிட்டேன். ஆனால் அந்த அலுவலகத்துக்கு நான் இரண்டு முறை நேரில் போயிருந்தேன், அவர்கள் கொடுத்த முதல் கடிதத்திலேயே கொட்டை எழுத்தில் "எங்கள் கணக்கு எண் மெயிலில் மாறாது" என்று இருந்தது. மெயிலில் இருந்த எண்ணை விட்டுவிட்டு, அந்தக் கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ரிசப்ஷனில் இருந்தவர் என் குரலை வைத்தே பெயரைச் சொன்னார். "அனுப்பாதீர்கள், அது நாங்கள் இல்லை" என்றார். ஐந்து நிமிடம் கை நடுங்கியது. தெரிந்த குரல் ஒன்று போனை எடுத்ததால் பணம் தப்பியது.

லெஸ்டரில் இருந்து

எல்லோரும் வாங்கியதை எழுதுகிறீர்கள், நான் விற்றவன். விற்பவருக்கும் நல்ல ஆள் வேண்டும்.

எங்கள் வீட்டில் லாஃப்ட் அறை (கூரைக்கு அடியில் இருக்கிற அறை) 2008இல் முன்னால் இருந்தவர் கட்டியது. கவுன்சிலின் கட்டட ஒழுங்குச் சான்றிதழ் இல்லை. வாங்க வந்தவரின் சொலிசிட்டர் அதைக் கேட்டதும் எனக்குப் பயம், நேராகக் கவுன்சிலுக்குப் போன் செய்து விசாரிக்கலாம் என்று எண்ணைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். நல்ல வேளையாக அதற்கு முன் என் சொலிசிட்டரிடம் சொன்னேன். "போனைக் கீழே வையுங்கள்" என்றார். இந்த மாதிரிச் சான்றிதழ் இல்லாத இடத்தில் ஒரு இழப்பீட்டுக் காப்பீடு எடுத்துக் கொடுப்பது வழக்கம், ஒரே முறை பிரீமியம் கட்டினால் போதும். ஆனால் நாம் கவுன்சிலைத் தொடர்புகொண்டுவிட்டால் பெரும்பாலும் அந்தக் காப்பீடு கிடைக்காது. அவர் வாங்குபவரிடமும் விஷயத்தை மறைக்காமல் சொல்லி, காப்பீட்டை நான் எடுத்துக் கொடுத்து, இரண்டு வாரத்தில் எக்ஸ்சேஞ்ச் ஆனது. அறை பாதுகாப்பாக இருக்கிறதா என்பதற்குக் காப்பீடு பதில் ஆகாது, அதற்கு வாங்குபவர் தனியாக சர்வேயரை வைத்துப் பார்த்தார். அதையும் என் சொலிசிட்டரேதான் அவர் பக்கம் எழுதிச் சொன்னார்.

ஈஸ்ட் ஹாமில் இருந்து

எல்லோருக்கும் நன்றி. நாங்கள் அடுத்த வாரம் ஆஃபர் போடப் போகிறோம். இரண்டு கேள்வி. ஒருவர் உண்மையான சொலிசிட்டர்தானா என்று எங்கே பார்ப்பது? மாமியாரும் எங்களோடுதான் இருக்கப் போகிறார், அதைச் சொல்ல வேண்டுமா?

முதல் பதிவு எழுதியவர், குரொய்டன்

தங்கச்சி, சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் எஸ்ஆர்ஏ அமைப்பின் இணையதளத்தில் பதிவேடு இருக்கிறது, பெயரையும் அலுவலகத்தையும் போட்டுத் தேடுங்கள், இலவசம். லைசென்ஸ்ட் கன்வேயன்சர் (வீட்டுப் பத்திர வேலைக்கென்றே உரிமம் பெற்றவர்) என்றால் அவர்களுக்கு சிஎல்சி என்று வேறு அமைப்பு, அவர்களிடமும் தாராளமாகப் போகலாம். சொலிசிட்டர் என்றால், லா சொசைட்டி வீட்டுப் பத்திர வேலைக்குத் தருகிற சிக்யூஎஸ் தர அங்கீகாரம் அந்த அலுவலகத்துக்கு இருக்கிறதா பாருங்கள். சொலிசிட்டர்கள் வீட்டு வேலைக்கான கட்டணத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று 2018 டிசம்பரில் இருந்து விதி. அதில் கவுன்சிலில் வீட்டைப் பற்றித் தேடி விசாரிக்கும் (சர்ச்) செலவு, நிலப் பதிவுக் கட்டணம், வாட் எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு, மெயிலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வங்கியின் பட்டியலில் இருக்கிறார்களா என்பதைப் பணம் கட்டும் முன் கேளுங்கள், ஹாரோ அக்காவுக்கு நடந்தது உங்களுக்கு நடக்க வேண்டாம்.

மாமியார் விஷயத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மோர்ட்கேஜில் பெயர் இல்லாத பெரியவர் யார் வீட்டில் இருந்தாலும் வங்கி பெரும்பாலும் அவரிடம் ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்கும். வங்கியின் கடனுக்குப் பிறகுதான் என் உரிமை என்று அவர் எழுதிக் கொடுக்கிறார் என்று அதற்கு அர்த்தம். அதனால் அவருக்கு வேறொரு சொலிசிட்டரிடம் தனியாக ஆலோசனை கேட்டுக்கொள்ளச் சொல்வார்கள். டெபாசிட்டில் அவருடைய பணமும் இருந்தால் அதையும் சொல்லுங்கள், எவ்வளவு, அன்பளிப்பா, பங்கா என்று. கம்ப்ளீஷனுக்கு (பணம் கட்டி வீடு கைமாறும் நாளுக்கு) முந்தின நாள் இது தெரியவந்து சாவி இரண்டு வாரம் தள்ளிப்போன வீடு எனக்குத் தெரியும்.

அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாடிப்படி இல்லாத அலுவலகமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.