சோஷியல் மீடியாவில் நடந்து, இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம்: எழுதுங்கள்

கல்தூண்:
ஃபேஸ்புக்குக்கு முன்னால் நாங்கள் கிடந்த கூகுளின் ஆர்குட் தளத்தில், நம்மைப் பற்றி நண்பர்கள் நம் பக்கத்தில் எழுதும் டெஸ்டிமோனியல் எனக்கு வந்தது மொத்தம் 11. பத்து பேர் எழுதியது, அன்றைக்கு எல்லோரும் எல்லோருக்கும் எழுதிக்கொண்ட "நல்ல பையன், நம்பிப் பழகலாம்" ரகம். பதினொன்றாவதை எழுதியவன் என் விடுதி அறைத்தோழன். அப்போது எங்களுக்குள் பேச்சு நின்று நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு ராத்திரி உள்ளே போனால், ஏற்கவா வேண்டாமா என்று கேட்டபடி அது வந்து நிற்கிறது. பெரிய பத்தி. முதல் வரி மட்டும் அப்படியே நினைவிருக்கிறது: "இவன் கோபம் வந்தால் கதவைச் சாத்துவான், பூட்ட மாட்டான்."

ஏற்றுக்கொண்டேன். ஆனால் போய்ப் பேசவில்லை. 2012ல் ஒரு விபத்தில் அவன் போய்விட்டான். 2014 செப்டம்பர் 30 அன்று ஆர்குட் மூடப்படும் என்று மூன்று மாதம் முன்பே சொல்லிவிட்டார்கள். இந்த வாரம் எடுத்து வைக்கலாம், அடுத்த வாரம் எடுத்து வைக்கலாம் என்று நான்தான் இருந்துவிட்டேன். மற்ற வரிகளை எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை.

நுனிக்கொம்பு:
கல்தூண், ஒரு திருத்தம். மூடிய பிறகும், நம் தரவை டவுன்லோடு செய்ய கூகுள் தரும் டேக்அவுட் வழியாக ப்ரொஃபைல் விவரம், படங்கள், கம்யூனிட்டி பதிவுகளை 2016 செப்டம்பர் வரை எடுக்க முடிந்தது. நான் 2015ல் எடுத்தேன். மூன்று லேப்டாப் மாறியும் அந்த ஃபைல் கூடவே வருகிறது, இதுவரை திறக்கவில்லை. இப்போது என்னோடு பேசாத ஒருவரின் படங்கள் அதில் இருக்கின்றன.

கல்தூண்:
அது எனக்குத் தெரியவந்தது 2017ல்.

தும்பி:
தம்பி இறந்தபின் அவன் பிறந்தநாளுக்கு வருடா வருடம் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புவேன். சிம் எப்போதோ செயலிழந்துவிட்டது. ஒரே ஒரு சாம்பல் டிக் விழும், அதோடு நிற்கும். எனக்கு அது போதுமாக இருந்தது. மூன்று வருடம் இப்படி.

நான்காவது வருடம் அனுப்பிவிட்டு போனைக் கீழே வைக்கப் போகிறேன், இரண்டு டிக். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் நீலமாயின. டிபியில் அவன் படம் போய் மஞ்சள் கவுன் போட்ட ஒரு குழந்தை. மேலே "டைப்பிங்" என்று வருகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது. அந்த அரை நிமிடம் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று எழுத முடியவில்லை.

"யாருங்க?" என்று வந்தது.

ஊசிமுனை:
தும்பி அக்கா, படித்துவிட்டு எழுந்து நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

என்னுடையது குடும்பக் குரூப்பில் வந்த "குழந்தையைக் காணவில்லை" ஃபார்வர்டு. எல்லோரும் அனுப்பினார்கள், நானும் ஏழெட்டு குரூப்புக்குத் தள்ளிவிட்டேன். அப்புறம் சந்தேகம் வந்து அதில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார். நான் வாய் திறக்கும் முன்னே, "கிடைச்சு மூணு வருஷம் ஆச்சுங்க, இப்போ பள்ளிக்கூடம் போறா" என்றார். அதே பதிலை எத்தனை நூறு பேருக்குச் சொல்லியிருப்பாரோ, குரலில் கோபம்கூட இல்லை. பின்னால் சின்னப் பெண் ஒருத்தி ஏதோ சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். 2019 ஜனவரியில் ஒரு தடவைக்கு ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி எல்லா நாட்டிலும் கட்டுப்பாடு வந்தபோது பலர் திட்டினார்கள். எனக்கு அந்தக் குரல்தான் நினைவுக்கு வந்தது.

கரிக்கோடு:
ட்விட்டரில் 140 எழுத்துதான் இருந்த காலம். யாரோ ஒருவர் தன் முதல் கவிதையை நான்கு துண்டாக வெட்டிப் போட்டிருந்தார். நான் அதை எடுத்துப் போட்டு, மேலே ஒரு வரி நக்கலாக எழுதினேன். பரவியது. இரவுக்குள் நானூறு ரீட்வீட் தாண்டியது, எனக்கு அதுவரை அப்படி நடந்ததே இல்லை. காலையில் அவரிடமிருந்து ஒரே பதில்: "சரிங்க, இனிமே எழுதல." கணக்கையே மூடிவிட்டார். நான் என் வரியை அழித்தேன். ஆனால் அதன் ஸ்கிரீன்ஷாட் இப்போதும் வருடத்துக்கு ஒரு முறை எங்காவது சுற்றி வருகிறது, சிரிப்புக் குறிகளோடு.

சாரல்:
கரிக்கோடு, மன்னிப்புக் கேட்டீர்களா என்று எழுதவே இல்லையே? நானூறு பேர் முன்னால் சொன்னதை அழித்துவிட்டால் முடிந்துவிடுமா? நான் அந்தப் பக்கத்தில் இருந்தவள், அதனால் கேட்கிறேன்.

என் கதை வேறு. ஒரு தளம் பழைய படங்களைத் தானாகக் கோர்த்து, இசை போட்டு "உங்கள் இனிய நினைவுகள்" என்று நீட்டியது. அம்மாவை ஐசியுவில் வைத்திருந்தபோது, டாக்டரான மாமாவுக்கு அனுப்புவதற்காக மானிட்டரைப் படம் எடுத்திருந்தேன். அதைச் சுற்றிப் பலூன் பறக்கிறது. அலுவலகத்தில் எல்லோர் நடுவிலும் உட்கார்ந்திருந்தேன்.

கரிக்கோடு:
கேட்க ஆள் இல்லை, சாரல். கணக்கே இல்லையே. ஆறு மாதம் தேடினேன்.

நிலைப்படி:
எல்லோருக்கும் சில விஷயம் சொல்ல வேண்டும். தும்பி, நீங்கள் மூன்று வருடமாக அனுப்பியதை அந்தப் புதிய ஆள் படித்திருப்பார் என்று பயப்பட வேண்டாம். போய்ச் சேராத செய்தியை வாட்ஸ்அப் 30 நாள்தான் வைத்திருக்கும், அப்புறம் அழித்துவிடும். 120 நாள் உள்ளே வராத கணக்கும் பொதுவாக நீக்கப்பட்டுவிடும். பயன்படாத எண்ணைக் கம்பெனிக்காரர்கள் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். செட்டிங்ஸில் பாதுகாப்பு அறிவிப்பை ஆன் செய்து வைத்திருந்தால், "குறியீடு மாறிவிட்டது" என்று சாட்டிலேயே ஒரு வரி வந்திருக்கும்.

சாரல், உங்கள் தளம் எது என்று தெரியாது. ஃபேஸ்புக் என்றால், மெமரீஸ் பகுதியில் குறிப்பிட்ட ஆளையும் தேதியையும் மறைத்து வைக்க வழி இருக்கிறது. இறந்தபின் நம் பக்கத்தை யார் பார்த்துக்கொள்வது என்று உயிரோடு இருக்கும்போதே ஒருவரை நியமிக்கும் வசதியும் 2015லிருந்து அங்கே உண்டு. தயவுசெய்து இன்றே செய்துவையுங்கள். அவரால்கூட நம் தனிச் செய்திகளைப் படிக்க முடியாது, தயங்க வேண்டாம். எந்தத் தளமானாலும் வருடத்துக்கு ஒரு முறை உங்கள் தரவை டவுன்லோடு செய்து, இரண்டு இடத்தில் வையுங்கள்.

எனக்கு நடந்தது சின்னது. அப்பாவின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. அவர் போய் ஐந்து வருடம் ஆகியும் "இன்று இவருக்குப் பிறந்தநாள், வாழ்த்துங்கள்" என்று வருகிறது. விஷயம் தெரியாதவர்கள் வாழ்த்துகிறார்கள்.

ஊசிமுனை:
நிலைப்படி, அவர்கள் யாரும் செட்டிங்ஸ் கேட்கவில்லையே. கடைசி இரண்டு வரியை மட்டும் எழுதியிருக்கலாம்.

தும்பி:
இல்லை ஊசிமுனை, அந்த 30 நாள் கணக்கு எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் அவர் ஒன்றாகப் படித்திருப்பாரோ என்று இத்தனை நாள் கூச்சமாக இருந்தது. நன்றி நிலைப்படி.

நான் என்ன பதில் போட்டேன் என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். "நம்பர் மாறி வந்துடுச்சு, மன்னிச்சுக்கோங்க" என்று அனுப்பினேன். அவர் "பரவால்லங்க" என்றார். எண்ணை அழிக்கவில்லை. இப்போதும் தம்பி பெயரில்தான் இருக்கிறது. அந்தக் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது.