நுவரெலியாவிலிருந்து இறங்குமுன் வானின் பிறேக்கைப் பாருங்கள்

அன்பின் உறவுகளுக்கு,

ஓகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்கு வருபவர்கள், பிள்ளைகளை நுவரெலியாவுக்கும் கூட்டிப்போக இப்போதே வான் விசாரிக்கத் தொடங்கிவிட்டீர்கள். ஏசி குளிருமா, சீற் சாயுமா என்றெல்லாம் கேள்வி வருகிறது. பிறேக்கைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வரை பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. அந்தத் தரையிலேயே ஓடும் வானில் பிறேக் நொந்திருந்தாலும் வெளியே தெரியாது. நுவரெலியாக் கிரகரி வாவியை விட்டு லபுக்கலை, இறம்பொடை, புசல்லாவை என்று கம்பளைக்கு இறங்கும் ஏ5 வீதியில்தான் அது காட்டிக்கொடுக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், கண்டி ஏறத்தாழ 500.

முதலில் பிறேக் ஒயில். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். புதிய டொட் 3 (DOT 3) ரக ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை தாங்கும். ஈரம் ஏறியது 140இலேயே கொதிக்கலாம். டொட் 4க்கு அந்தக் கணக்கு 230, 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். பிறகு மிதித்தால் கால் அடிவரை போகும், வண்டி நிற்காது. கடைசியாக எப்போது மாற்றியது என்று வான்காரரிடம் கேளுங்கள். இரண்டு வருடம் கடந்திருந்தால், வாடகை பேசும்போதே மாற்றச் சொல்லுங்கள்.

ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ இறங்கவும் அதே கியர். ஓட்டோ கியர் வண்டியென்றால் ‘எல்’ அல்லது ‘2’. பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூற்றலில் விடும் சாரதிகளும் இருக்கிறார்கள். கண்டால் உடனே தடுங்கள், எஞ்சின் இழுத்துப் பிடிக்காவிட்டால் முழுப் பாரமும் பிறேக்கில்தான். காலைப் பெடலிலேயே வைத்துத் தேய்க்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு எடுக்கவேண்டும். எரிந்த மணம் வந்தால் அகலமான ஓரத்தில் அரை மணி நேரம் நிறுத்தி, சில்லுக்குக் கல் வையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். சூட்டில் இருக்கும் இரும்பு கோணும், வெடிக்கும்.

2025 மே 11 விடியற்காலையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்த கெரண்டி எல்ல என்ற இடம் இதே ஏ5 வீதியில்தான் இருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் டித்வா புயலோடு மலைநாடெங்கும் மண்சரிவு. மழை நாளில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். அந்தப் பகுதிக்குச் சிவப்பு என்றால் பயணம் வேண்டாம்.

ஓகஸ்டில் நமக்குக் கச்சான் வெயில், அந்தச் சரிவிலோ மழையும் மூடுபனியும். பனிக்குள் லைற்றைத் தாழ்த்தியே போடவேண்டும், உயர்த்தினால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். காலை 7 மணிக்கே புறப்பட்டால் வழி பெரும்பாலும் தெளிவாக இருக்கும். இறம்பொடை நீர்வீழ்ச்சி 109 மீற்றர். அருகிலுள்ள அனுமன் கோவிலில் நின்றால் கீழே கொத்மலை நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கும். அந்தத் தண்ணீர் மகாவலியோடு சுற்றி வந்து விழுவது நம்முடைய கொட்டியாரக் குடாவில் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், வாந்தியை மறந்து எட்டிப் பார்ப்பார்கள்.

நேரத்தோடு புறப்பட இன்னொரு காரணமும் உண்டு. கண்டியில் பகல் 1.30க்குப் பள்ளிக்கூடம் விட்டால் வீதி அடைபடும். பெரஹரா ஊர்வலக் காலமென்றால் பின்னேரம் நகருக்குள் போகவே முடியாது. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் பொழுதுபட்டால் யானை வீதிக்கு வரும். ஊர் வந்துசேர எட்டு மணித்தியாலமாவது வேண்டும்.

அத்தனை நேரமும் ஓட்டப்போகிறவர் முதல் நாள் இரவு வானுக்குள் குளிரில் சுருண்டு கிடந்திருக்கக்கூடாது. விடுதி பதியும்போது சாரதிக்கும் ஒரு கட்டிலும் கம்பளியும் சேர்த்துப் பதியுங்கள்.