உடைஞ்ச போன்: சரி பண்றதா, புதுசுக்குப் போறதா?

கண்ணாடி வெடிச்சத மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. முதல்ல செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி அப்டேட் தேதியப் பாருங்க. ரெண்டு வருஷமா அது நகரலைன்னா, பேங்க் ஆப்பும் யூபிஐயும் இருக்கிற போனுக்கு டிஸ்பிளே செலவு வேண்டாம்ங்க, புதுசுக்குப் போயிடுங்க. அப்டேட் வந்துட்டு இருந்தா பேட்டரி, சார்ஜிங் போர்ட் ரெண்டும் தைரியமா மாத்தலாம். போர்ட்டுக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி போன ஆஃப் பண்ணிட்டு, மரப் பல்குச்சியால உள்ள இருக்கிற பஞ்சு, தூசிய மெதுவா எடுங்க. கேபிள் முழுசா உக்காராததுக்குப் பாதி நேரம் அதுதான் காரணம்.

*

பின்மூடி தூக்கியிருக்கா, டிஸ்பிளே ஓரம் பிரியுதான்னும் பாக்கணும். அப்படின்னா பேட்டரிக்குள்ள வாயு சேந்திருக்கு. அமுக்காதீங்க, சார்ஜ் போடாதீங்க, ஆஃப் பண்ணி நேரா கடைக்குக் கொண்டு போங்க. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்ற பயன்பாட்டு வெப்பம் 0 முதல் 35 டிகிரி. சேலத்துல சித்திரை வெயில் அதத் தாண்டிடும், அதனால பைக் ஹோல்டர்ல மாட்டி மேப் ஓட்டாதீங்க.

*

சேலம் அஞ்சு ரோடு பக்கம் டிஸ்பிளே மாத்தக் குடுத்தா, ஒரிஜினலா காப்பியான்னு மட்டும் கேட்டாப் போதாது. டிஸ்பிளேல ஓலெட் (OLED), எல்சிடி (LCD)னு ரெண்டு வகை உண்டு; ஓலெட்டுக்குப் பின்விளக்கு கிடையாது. உங்க போன்ல இருக்கிறது ஓலெட்டா, அவங்க போடப்போறதும் ஓலெட்டான்னு கேளுங்க. திரைக்குள்ளயே கைரேகை வாங்குற போன்ல எல்சிடி காப்பி போட்டா கைரேகை வேலை செய்யாது. அந்த ஆப்டிக்கல் சென்சாருக்கு வெளிச்சம் திரை வழியா ஊடுருவணும், எல்சிடியோட பின்விளக்கு அடுக்கு அத மறைச்சிடும். உங்க போனோட செகண்ட் ஹேண்ட் விலையில பாதிக்கு மேல செலவு வந்தா விட்டுடுங்க.

*

ஏற்காட்டுல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு. கொண்டை ஊசி வளைவுகள்ல சிக்னல் விட்டு விட்டு வரும், போன் டவரத் தேடித் தேடியே சார்ஜ் இறங்கும். அத வெச்சு பேட்டரி போச்சுன்னு முடிவு பண்ணாம, கீழ டவுன்ல ஒரு நாள் பாருங்க. ஒரு தடவ பிரிச்ச போன்ல பசை சரியா ஒட்டலைன்னா தண்ணி தாங்காது, பனி மூட்டத்துல கேமரா கண்ணாடி உள்ள வேர்க்கும். நனைஞ்ச போன அரிசியில புதைக்கிறது பிரயோஜனமில்ல.

*

மாத்துறதுன்னு ஆயிட்டா, பழைய போன உடனே அழிக்காதீங்க. டச் செத்து டிஸ்பிளே மட்டும் தெரிஞ்சா, ஓடிஜி அடாப்டர்ல (போனோட சார்ஜிங் போர்ட்ல யூஎஸ்பி சாமான மாட்ட உதவுற குட்டி இணைப்பு) மவுஸ் சொருகி போட்டோவ எடுத்துடலாம். யூபிஐ புதுப் போன்ல பதியறப்ப அந்த சிம்ல இருந்தே எஸ்எம்எஸ் போகும், எஸ்எம்எஸ் பேலன்ஸ் இருக்கணும். எல்லாம் ஓடுதான்னு பாத்துட்டு, கூகுள் அக்கவுண்ட நீக்கி, அப்புறமா ரீசெட். நீக்காம வித்தா வாங்கினவரு திறக்க முடியாம உங்கள்ட்டயே வந்து நிப்பாரு.