தேவாலா, பந்தலூர் தங்க ஆலைகள் நின்றது போராலா, வேறு காரணத்தாலா?

பந்தலூர்_வாசகன் (கேள்வி)

வணக்கம். ஊர் நூலகத்தில் மாட்டுவதற்காக நீலகிரி மாவட்டத்தின் பந்தலூர் வட்டார வரலாறு பற்றி ஒரு பக்கக் குறிப்பு தயாராகிறது. தேவாலாவைச் சுற்றித் தேயிலைக்குள் பழைய சுரங்க வாய்கள் இன்னும் இருக்கின்றன. ஆலை இருந்ததாகச் சொல்லப்படும் ஓடைக்கரையில் வார்ப்பிரும்புத் துண்டு ஒன்று கிடந்தது. உருளை வடிவம், குறுக்களவு ஏறக்குறைய 21 செ.மீ., ஒரு முனையில் கூம்பிய கழுத்து, மறுமுனை ஒருபக்கமாகத் தேய்ந்து சாய்ந்திருக்கிறது. தூக்க இரண்டு ஆள் வேண்டும். இது என்ன?

அடுத்தது, ஊரில் எல்லோரும் சொல்வது: "இங்கே தங்கம் சுத்திகரிக்கும் ஆலை ஓடியது. முதல் உலகப்போர் வந்ததும் வெள்ளைக்காரன் மூடிவிட்டுப் போனான்." இது சரியா? கோலார் தங்கவயல் நூறு வருஷத்துக்கு மேல் ஓடியதே, இங்கே மட்டும் ஏன் நின்றது?

உலக்கைத்தலை

உங்களிடம் இருப்பது ஸ்டாம்பு மில்லின், அதாவது தங்கக் கல்லை இடித்துத் தூளாக்கும் இயந்திரத்தின், உலக்கைக்கு அடியில் மாட்டும் லாடம், அதாவது ஷூ. கூம்பிய கழுத்துதான் அடையாளம். அதைச் சுற்றி மரச்சில்லு வைத்து உலக்கையின் தலைக்குள் செருகி, சில முறை அடிக்கவிட்டால் தானாக இறுகிக்கொள்ளும். இதற்குக் கீழே தொட்டியில் உட்காரும் ஜோடித் துண்டு டை. அதற்குக் கழுத்து இருக்காது, அடியில் சதுரமான பாதம் இருக்கும். அதே ஓடையில் தேடினால் டையும் கிடைக்கலாம்.

ஒரு தொட்டிக்கு ஐந்து உலக்கை. ஒவ்வொன்றும் தண்டு, தலை, லாடம் எல்லாம் சேர்த்து சுமார் 270 முதல் 400 கிலோ. சுழலும் அச்சில் துருத்தி நிற்கும் வளைந்த இரும்புக் கை, அதாவது கேம், அதை 15 முதல் 23 செ.மீ. உயரம் தூக்கி விட்டுவிடும், நிமிஷத்துக்கு 60 முதல் 90 முறை. வரிசையாக 1, 2, 3 என்று விழவிட்டால் கல் ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். அதனால் 1, 4, 2, 5, 3 என்று மாற்றி விழவைப்பார்கள். கேம் தூக்கும்போதே உலக்கையைச் சற்றுத் திருப்பியும் விடும், லாடம் எல்லாப் பக்கமும் சமமாகத் தேய. உங்கள் லாடம் சாய்வாகத் தேய்ந்திருக்கிறது என்றால், உலக்கை சரியாகத் திரும்பவில்லை, அல்லது அடியில் இருந்த டை ஏற்கெனவே சாய்ந்து தேய்ந்திருந்தது. இரண்டுமே பராமரிப்புக் குறை.

இனி ஆலையின் வேலை. தங்கம் பொதிந்த வெள்ளைக்கல்லை (குவார்ட்ஸ்) முட்டையளவுக்கு உடைத்துத் தொட்டியில் போடுவார்கள். ஒரு டன் கல்லுக்கு 6 முதல் 10 டன் தண்ணீர் வேண்டும். அதனால்தான் இவை ஓடையை ஒட்டி இருந்தன. தென்மேற்குப் பருவமழையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, மாசி பங்குனியில் திண்டாட்டம். அரைபட்ட சேறு சல்லடை வழியாக வெளியே வந்து, பாதரசம் பூசிய செப்புத் தகட்டின் மேல் வழிந்து ஓடும். தங்கத்துகள் பாதரசத்தில் ஒட்டும், மணல் போய்விடும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை தகட்டைத் துடைத்து ரசம் சேர்ப்பார்கள். தகட்டில் சேர்ந்த, தங்கம் கலந்த ரசக்கட்டியை மான்தோலில் வைத்துப் பிழிவார்கள். உபரி ரசம் தோலின் துளை வழியே இறங்கிவிடும், உள்ளே கெட்டியான வெள்ளை உருண்டை நிற்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை தங்கம் இருக்கும்.

அந்த உருண்டையை இரும்பு வாலையில் (ஆவியை வடித்தெடுக்கும் மூடிய பாத்திரம்) வைத்து, மூடியைக் களிமண்ணால் அடைத்துச் சூடாக்க வேண்டும். பாதரசம் 357 டிகிரியில் ஆவியாகி, ஈரத்துணி சுற்றிய குழாயில் குளிர்ந்து தண்ணீர்த் தொட்டியில் சொட்டும். குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும், உள்ளே முங்கக் கூடாது. நெருப்பு தணிந்தால் வாலைக்குள் அழுத்தம் குறைந்து தண்ணீர் உள்ளே இழுபடும், சிவந்த இரும்பில் பட்டு வெடிக்கும். உள்சுவரில் சுண்ணம் அல்லது களிமண் பூசாவிட்டால் தங்கம் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். மிஞ்சுவது துளைத்துளையான பஞ்சுத் தங்கம். அதை வெண்காரம் போட்டு உருக்கிக் கட்டியாக்குவார்கள்.

ஆகவே 'சுத்திகரிப்பு ஆலை' என்று எழுத வேண்டாம். அந்தக் கட்டியில் வெள்ளி கலந்தே இருக்கும். சுத்திகரிப்பு அதற்கு அடுத்த வேலை.

உரைகல்

அந்த அடுத்த வேலையைச் சொல்கிறேன், குறிப்பில் ஒரு வரிக்கு ஆகும். தங்கத்தில் வெள்ளி கொஞ்சமாக இருந்தால் திராவகத்தால் அதைத் தொட முடியாது, தங்கம் மறைத்துக்கொள்ளும். அதனால் வேண்டுமென்றே மேலும் வெள்ளி சேர்த்து, ஒரு பங்கு தங்கத்துக்கு மூன்று பங்கு வெள்ளி ஆக்கி மூசையில் (உருக்கும் கிண்ணம்) உருக்கி, தண்ணீரில் ஊற்றிக் குருணையாக்குவார்கள். பிறகு வெடியுப்புத் திராவகத்தில் (நைட்ரிக் அமிலம்) காய்ச்சினால் வெள்ளி கரைந்து, தங்கம் பழுப்புப் பொடியாக அடியில் நிற்கும். கழுவி உருக்கினால்தான் மஞ்சள் நிறம் திரும்பும். திராவகத்தில் உப்பு கலந்துவிட்டால் வெள்ளி, வெள்ளைத் தயிராகத் திரிந்து துகள்களை மூடிவிடும், பிரிப்பு பாதியில் நின்றுபோகும். கிணற்றுத் தண்ணீரில் கழுவிய பாத்திரமே போதும் கெடுக்க.

பழையவரைபடம்

போர் பற்றிய ஊர்ப்பேச்சு தவறு. ஆண்டுகளை வைத்துப் பாருங்கள். இங்கே முதலில் தங்கம் எடுத்தவர்கள் பணியரும் குறும்பரும், ஓடை மணலை மரவையில் அலசி. 1799ல் திப்பு வீழ்ந்தார், 1805ல் கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட பழசிராஜா மறைந்தார், இந்தப் பகுதி அடங்கிய வயநாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு முழுதாக வந்தது. 1830களில் கம்பெனி இந்தத் தங்கத்தை விசாரித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. 1874ல் ஆல்ஃபா என்ற தங்கச் சுரங்கக் கம்பெனி தொடங்கியது. 1875ல் புவியியல் ஆய்வுத்துறையின் வில்லியம் கிங் வந்து பார்த்தார். 1879ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் அனுபவம் பெற்ற பிரஃப் ஸ்மித்தை அரசு அழைத்தது. அவர் அறிக்கை வந்த சூட்டில் லண்டனில் 40 கம்பெனிகள் வரை முளைத்தன, ஏட்டளவு மூலதனம் 50 லட்சம் பவுண்டுக்கு மேல். 1883 வாக்கில் பெரும்பாலானவை படுத்துவிட்டன. முதல் உலகப்போருக்கு இன்னும் 31 வருஷம் இருந்தது!

அந்தப் பணம் எங்கே போனது என்பதை அவசியம் எழுதுங்கள். இலைநோயாலும் தண்டைத் துளைக்கும் பூச்சியாலும் காபித்தோட்டம் நொடித்துக் கிடந்த நேரம். தோட்ட முதலாளிகள் தங்கள் நிலத்தைத் தங்கநிலம் என்று கம்பெனிகளுக்குப் பெரும் விலைக்கு விற்றார்கள். மூலதனத்தில் பெரும்பங்கு நிலத்துக்கே போய்விட்டது. வெள்ளைக்கல் ரேகையின் எந்த ஆழத்தில் எவ்வளவு தங்கம் என்று முறையாகத் தோண்டிப் பார்க்கும் முன்பே ஆலை இயந்திரங்களை வாங்கிக் குவித்தார்கள்.

உலக்கைத்தலை

இதற்கு ஒரு கணக்கு சேர்க்கிறேன். இங்கே டன்னுக்குச் சில பென்னிவெயிட் என்ற அளவில்தான் வந்தது. 3 என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 4.67 கிராம். அன்று சுத்தத் தங்கம் அவுன்சுக்கு ஏறக்குறைய 85 ஷில்லிங், விலை அசையாது. அவுன்சில் 20 பென்னிவெயிட், ஆகவே ஒரு டன் கல்லில் கிடைப்பது 12 ஷில்லிங் 9 பென்ஸ். சுரங்கம் தோண்டுவது, விறகு, ரசம், லாடம், லண்டன் அலுவலகச் செலவு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். கைக்குப் பிடித்த கல்லைப் பொறுக்கிச் சோதித்தால் மட்டும் அளவு பிரமாதமாக வரும்.

இன்னொரு காரணம் கல்லுக்குள்ளேயே இருக்கிறது. மேலே வெயிலும் மழையும் தின்ற பகுதியில் தங்கம் தனித்துகளாக நிற்கும், ரசம் பிடிக்கும். கீழே போகப்போக இரும்புக் கந்தகக் கல், பைரைட். தங்கம் அதற்குள் சிறைப்பட்டிருக்கும். கூடவே கந்தகமும் ஆர்சனிக்கும் ரசத்தின் மேல் படலம் போட்டு அதைச் சோர்வடையச் செய்யும். ரசம் மாவுபோல் சிதறி, பிடித்த தங்கத்தையும் தூக்கிக்கொண்டு ஓடையில் போகும். தங்கத்தைக் கரைத்துப் பிரிக்கும் சயனைடு முறைக்கு மக்கார்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் காப்புரிமை பெற்றது 1887ல். பந்தலூர் அதற்குள் காலியாகிவிட்டது. கோலாரின் கல்லில் தங்கமும் பல மடங்கு, பெரும்பகுதி ரசம் பிடிக்கும் தனித்தங்கம். பிறகு சயனைடும் கைகொடுத்தது. 1901ல் ஹேடன், ஹாட்ச் என்ற புவியியலாளர்கள் வயநாட்டை மறுபடி ஆராய்ந்தார்கள். சயனைடு வந்த பிறகும் கட்டுப்படியாகாது என்றே தெரிந்தது.

பந்தலூர்_வாசகன்

மிக்க நன்றி. அப்படியானால் போர், அரசியல் எதுவும் இந்தக் கதையில் இல்லையா?

பழையவரைபடம்

இருக்கிறது, ஆலையை மூடியதில் இல்லை. 1877 மார்ச் 31ல் நம்பலக்கோடு, சேரங்கோடு, மூணாடு அம்சங்களை (வருவாய்க் கிராமங்கள்) மலபாரிலிருந்து பிரித்து நீலகிரியோடு சேர்த்தார்கள். 1956ல் மலபார் கேரளத்துக்குப் போனபோது கூடலூரும் பந்தலூரும் நம் பக்கம் நின்றது அதனால்தான். நிலம் நிலம்பூர் அரச குடும்பமான கோவிலகத்தின் ஜன்மமாக, அதாவது பரம்பரை உடைமையாக, இருந்தது. 1969ல் ஜன்ம ஒழிப்புச் சட்டம் வந்தது, குத்தகைத் தோட்டங்கள் பற்றிய அதன் 17ஆம் பிரிவு நிலத் தகராறு கூடலூரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1964 இந்திய இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்தன.

போர் என்றால் 1962 சீனப் போர். அதையொட்டி 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது, 14 காரட்டுக்கு மேல் நகை செய்யத் தடை. அந்த 14 காரட் தடை 1966ல் நீங்கியது, தங்கக் கட்டுப்பாடு மட்டும் 1968ல் சட்டமாகி 1990 வரை நீடித்தது. நகையாகாத கட்டித்தங்கம் வைத்திருப்பதே குற்றம் என்ற காலம் அது. கோலாரை 1956ல் மைசூர் அரசும் 1962ல் மத்திய அரசும் எடுத்தன, 2001 பிப்ரவரியோடு உற்பத்தி நின்றது.

உரைகல்

குறிப்பில் ஓர் எச்சரிக்கையும் போடுங்கள். இன்றும் பழைய சுரங்கத்தில் கல் உடைத்து ரசம் போட்டு, உருண்டையை அடுப்பில் சட்டியில் எரிப்பவர்கள் உண்டு. ரச ஆவி கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. அடுப்படிச் சுவரிலும் அரிசி டப்பாவிலும் படிந்து பிள்ளைகளுக்குப் போகும். லாடத்தை நூலகத்தில் வைக்கலாம், ஆனால் ஒட்டிய மண்ணை வெறுங்கையால் சுரண்டவோ சூடாக்கவோ வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியை மூடிய பாட்டிலில் போட்டு வையுங்கள்.