ஜிடிஎஸ்ஸிலிருந்து தபால்காரர் ஆகிவிட்டேன்: யுபிஎஸ்ஸா, என்பிஎஸ்ஸா?

பனங்காடு:
வணக்கம். கிளை அஞ்சலகத்தில் ஜிடிஎஸ் (கிராமின் டாக் சேவக்) பணியில், பிபிஎம் (கிளை போஸ்ட்மாஸ்டர்) ஆக 14 வருஷம் ஓட்டிவிட்டு, துறைத் தேர்வு எழுதி, போன வாரம் தபால்காரராகச் சேர்ந்தேன். வயது 38. கிளார்க், யுபிஎஸ் (ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம், உத்தரவாத பென்ஷன் தருவது) கேட்பதற்கான ஏ1 படிவத்தை நீட்டி, “யுபிஎஸ் வேணும்னா நிரப்பிக் குடுங்க, இல்லேன்னா விடுங்க” என்றார். விட்டால் என்ன ஆகும்? பழைய 14 வருஷம் பென்ஷனுக்குச் சேருமா?

பேரேட்டுப்புலி:
சேராது தம்பி. ஜிடிஎஸ் காலத்தைப் பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனால் நிலைமை அதுதான். புது வேலையில் சந்தா கட்டும் மாதங்கள் மட்டுமே கணக்கு.

படிவத்தை விட்டால் தானாக என்பிஎஸ்ஸில் (தேசிய ஓய்வூதியத் திட்டம், உத்தரவாதம் இல்லாமல் சேர்ந்த பணத்தைப் பொறுத்துப் பென்ஷன்) போய் விழுவீர்கள். யுபிஎஸ் கேட்க, சேர்ந்த நாளிலிருந்து 30 நாள்தான். யுபிஎஸ்ஸில் இருப்பவர் பிற்பாடு ஒரே ஒரு முறை என்பிஎஸ்ஸுக்கு மாறலாம், ரிட்டயர்மென்டுக்கு ஒரு வருஷம் முன்பு வரை. எதிர்ப்பக்கம் வர வழியில்லை. அதனால் குழப்பமாக இருந்தால் யுபிஎஸ்ஸில் ஏறிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

60 வயதில் உங்களுக்கு 22 வருஷம், அதாவது 264 மாதம். முழு 50 சதவீதத்துக்கு 300 மாதம் வேண்டும். கடைசி 12 மாத சராசரி பேசிக் பேச்சுக்கு 60,000 ரூபாய் என்றால், பாதி 30,000. அதில் 264/300 போட்டால் 26,400. அதற்கு மேல் அகவிலை நிவாரணம்.

சாயங்காலத்தபால்:
அண்ணன் ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறார். யுபிஎஸ்ஸில் நமக்குப் பின் மனைவிக்கோ கணவனுக்கோதான் 60 சதவீதம் வரும், பிள்ளைகளுக்கு இல்லை. என்பிஎஸ்ஸில் அரசு 14 சதவீதம் போடுகிறது, யுபிஎஸ்ஸில் நம் கணக்குக்கு 10தான். நடுவில் ராஜினாமா செய்தால் யுபிஎஸ் உத்தரவாதமும் போச்சு.

பனங்காடு:
ராஜினாமா எல்லாம் இல்லை அண்ணே, இதுக்கே இத்தனை வருஷம் காத்திருந்தேன். மனைவி இருக்கிறாள். யுபிஎஸ்ஸே போடுகிறேன்.

பேரேட்டுப்புலி:
சரி. இன்னொரு பிரதி எடுத்து, அதில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் அலமாரியில் படிவம் தூங்கிப்போனால் 30 நாள் கேள்வி உங்களிடம்தான் வரும். அப்புறம், முதல் சம்பளச் சீட்டில் பிடித்தம் என்ன பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பேசிக்கும் டிஏவும் சேர்த்து அதில் 10 சதவீதம் இருக்க வேண்டும்.